சாப்பிடக் கூடாத சப்பாத்தி மாவு!

வீட்டில் சப்பாத்திக்கு மாவு பிசையும்போது, ஓரத்தில் ஒரு உருண்டையைக் கிள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறீர்களா குட்டீஸ்? நிச்சயம் ஓடியிருப்பீர்கள்! உள்ளங்கையில் வைத்து உருட்டினால் பாம்பு. லேசாகத் தட்டினால் ஆமை. நுனியைக் கிள்ளி வளைத்தால் கிளி மூக்கு. கண்ணுக்கு இரண்டு மிளகு குத்திவிட்டால் வேலை முடிந்தது.

மறுநாள் காலை அதே பொம்மையைப் போய்ப் பார்த்தால்? பாம்பின் முதுகெல்லாம் வெடிப்பு. ஆமையின் மேல்தோல் காய்ந்து ஓடு மாதிரி இருக்கும். அடியில் பிசுபிசுப்பு, புளித்த வாடை. இன்னும் இரண்டு நாள் விட்டால் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் பூத்துவிடும். அப்புறம் என்ன, அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு குப்பைக்கூடையைக் காட்டுவார்.

ஆனால் கடைகளில் சின்னச் சின்ன டப்பாக்களில் கலர் கலராக விளையாட்டு மாவு விற்கிறார்களே, அது மட்டும் வாரக்கணக்கில் மெத்தென்று இருக்கிறது. அதில் என்ன மாயம்? ரப்பரா, பிளாஸ்டிக்கா? இரண்டும் இல்லை. உலகம் முழுக்கப் பெயர்பெற்ற 'பிளே-டோ' டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'கோதுமை கலந்தது' என்று எச்சரிக்கை போட்டிருப்பார்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர், மாவு, உப்பு. அவ்வளவுதான்! (மெழுகும் எண்ணெயும் சேர்த்துச் செய்கிற 'களிமண்' கட்டிகளும் கடையில் கிடைக்கும். அது வேறு வகை. அதைப் பற்றி இங்கே பேசவில்லை.)

அதாவது, உங்கள் வீட்டுச் சப்பாத்தி மாவுக்குத் தூரத்துச் சொந்தம்தான் அது. நிறைய உப்பு சேர்ந்ததில்தான் விஷயமே இருக்கிறது. இதை வீட்டிலேயே செய்யலாம். அதற்கு முன் ஒரு கதை கேளுங்கள். இந்த மாவு பொம்மை செய்வதற்காகப் பிறந்ததே இல்லை. சுவர் துடைக்கப் பிறந்தது!

சுவரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு...

1930களில் அமெரிக்காவில் நிறைய வீடுகளில் குளிருக்கு நிலக்கரியை எரித்துத்தான் வீட்டைச் சூடாக்குவார்கள். அதனால் சுவரெல்லாம் கரி படியும். அங்கே சுவருக்கு வெள்ளையடிப்பதைவிட, பூப்போட்ட தாள் ஒட்டுவது வழக்கம். தாளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியுமா? கிழிந்துவிடுமே! அதற்காகவே ஒரு மாவுக் கட்டி விற்றார்கள். அதைச் சுவரில் ஒற்றி உருட்டினால் கரி மாவோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பென்சில் கோட்டை ரப்பர் எடுப்பது மாதிரி.

சின்சினாட்டி என்ற ஊரில் 'குட்டோல்' என்ற கம்பெனி இதைத் தயாரித்து நன்றாகச் சம்பாதித்தது. ஆனால் இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு நிலைமை மாறியது. வீடுகளைச் சூடாக்க எண்ணெயும் எரிவாயுவும் வந்தன. கரி போச்சு! ஈரத் துணியால் துடைக்கக்கூடிய வினைல் சுவர்த்தாளும் வந்தது. சுவர் துடைக்கும் மாவை யார் வாங்குவார்கள்? கம்பெனியை இழுத்து மூட வேண்டிய நிலைமை வந்துவிட்டது.

அங்கே பொறுப்பில் இருந்தவர் ஜோ மெக்விக்கர். அவருடைய உறவுக்காரப் பெண்மணி கே ஸூஃபால், மழலையர் பள்ளி ஒன்றை நடத்தி வந்தார். அந்தக் காலத்தில் குழந்தைகளுக்குக் கிடைத்த களிமண் கட்டி ரொம்பக் கெட்டி. பிஞ்சு விரல்களால் அமுக்கவே முடியாது. சுவர் துடைக்கும் மாவை வைத்து உருவங்கள் செய்யலாம் என்று எங்கோ படித்த கே, ஒரு டப்பாவை வாங்கி வகுப்பில் வைத்துப் பார்த்தார். குழந்தைகள் அதை விடவே இல்லை! உருட்டினார்கள், வெட்டினார்கள், விதவிதமான வடிவங்கள் செய்தார்கள். "வந்து பார்" என்று ஜோவுக்குச் செய்தி போனது.

ஜோவும் வந்து பார்த்தார். அழுக்கெடுக்கும் சரக்கை நீக்கிவிட்டு, நிறமும் வாசனையும் சேர்த்து, 1956ல் அதைப் பொம்மையாக விற்கத் தொடங்கினார்கள். அவர் யோசித்து வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? 'ரெயின்போ மாடலிங் காம்பவுண்ட்'. வாய்க்குள் நுழைகிறதா? கேயும் அவர் கணவரும் யோசித்துச் சொன்ன பெயர்தான் 'பிளே-டோ'. நல்லவேளை! 1998ல் அமெரிக்காவின் தேசியப் பொம்மைகள் புகழரங்கு தொடங்கப்பட்டபோது, முதல் ஆண்டிலேயே இதற்கும் ஓர் இடம் கிடைத்தது. மூடப்பட இருந்த ஒரு கம்பெனியைக் காப்பாற்றியது, ஒரு வகுப்பறையில் குழந்தைகள் உருட்டிய உருண்டைகள்!

வாங்க, கிளறலாம்!

இனி நம்ம வீட்டு மாவு. தேவையானவை: மைதா ஒரு டம்ளர், தூள் உப்பு அரை டம்ளர், தண்ணீர் ஒரு டம்ளர், ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தின் சாறு, சமையல் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் ஒரே டம்ளரால் அளந்துகொள்ளுங்கள். கல் உப்புதான் இருக்கிறது என்றால் மிக்ஸியில் பொடித்துத் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மாவு நறநறவென்று இருக்கும்.

"சாப்பிடுகிற பொருளை வைத்து விளையாட்டா?" என்று வீட்டில் பாட்டி கோபித்துக்கொள்வாரே? பாட்டி கேட்பது நியாயமான கேள்விதான். அதற்கு ஒரு வழி இருக்கிறது. சமையலறை அலமாரியின் மூலையில், வண்டு விழுந்தோ, நாள் கடந்துபோயோ, 'இதை என்ன செய்வது' என்று ஒரு மைதா பொட்டலம் கிடக்கும். அதைச் சலித்து எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மைதா பரோட்டாவுக்கே இருக்கட்டும்!

முதலில் அடுப்பை மூட்டாமலே, வாணலியில் மைதாவையும் உப்பையும் கலந்து, தண்ணீர், எலுமிச்சைச் சாறு, எண்ணெய் ஊற்றிக் கட்டியில்லாமல் கரையுங்கள். தோசை மாவு மாதிரி இருக்கும். 'இவ்வளவு தண்ணியா இருக்கே!' என்று பயப்பட வேண்டாம். இந்த இடத்தில் வீட்டுப் பெரியவரைக் கூப்பிடுங்கள். அடுப்பு வேலை அவருடையது. நீங்கள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம்.

சின்னத் தீயில் வைத்துக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் ஒன்றுமே நடக்காது. அப்புறம் அடியில் திட்டுத் திட்டாகக் கெட்டியாகும். திடீரென்று எல்லாம் சேர்ந்து வாணலியை விட்டு விலகி, ஒரே பந்தாகத் திரண்டு வரும். கொழுக்கட்டைக்கு மாவு கிளறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே பதம். விரலை ஈரமாக்கிக்கொண்டு பெரியவர் தொட்டுப் பார்ப்பார். ஒட்டவில்லை என்றால் இறக்கிவிடலாம். ஈரத் துணியால் மூடி ஆறவிடுங்கள். மேலே ஆறிவிட்டதுபோல் தெரிந்தாலும் உள்ளே சூடு இருக்கும். அவசரப்பட்டுக் கையை வைக்காதீர்கள். ஆறிய பிறகு நன்றாகப் பிசைந்தால் பட்டுப்போல் ஆகிவிடும்.

அடுப்பில் வைத்ததும் ஏன் திடீரென்று திரள்கிறது? மாவில் இருக்கும் ஸ்டார்ச் துகள்கள் பச்சைத் தண்ணீரில் சும்மா மிதந்துகொண்டிருக்கும். சூடு சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, அவை தண்ணீரைக் குடித்து உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கஞ்சி ஆறினால் கெட்டியாகிறதே, அதற்கும் ஸ்டார்ச்தான் காரணம். அதனால்தான், அடுப்பில் வைக்காமல் பச்சையாகப் பிசைகிற மாவைவிடக் கிளறிய மாவு வழவழப்பாக இருக்கும். நீண்ட நாளும் வரும்.

நிறத்துக்கு, கேசரிப் பொடி மாதிரி உணவில் சேர்க்கும் நிறங்களில் இரண்டு சொட்டு அல்லது ஒரு சிட்டிகை போதும். சமையலறையிலேயே தேடுவது எனக்கு இன்னும் பிடிக்கும். மஞ்சள்தூள் பளிச்சென்ற மஞ்சள் தரும். பீட்ரூட் சாறு ரோஜா நிறம் தரும். ஆனால் பீட்ரூட்டை அடுப்பில் ரொம்பக் காய்ச்சினால் மங்கிப் பழுப்பாகிவிடும். அதனால் மாவு ஆறிய பிறகே கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையுங்கள். இன்னொன்று: மஞ்சள் மாவோடு வெள்ளைச் சட்டையில் துடைத்துக்கொண்டால், சோப்புப் போட்டதும் கறை சிவப்பாக மாறும்! காரத்தன்மை பட்டால் மஞ்சள் சிவக்கும்; சோப்பில் காரத்தன்மை உண்டு. ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இப்படித்தான். அம்மாவிடம் அதை விளக்கிச் சொல்லித் தப்பிக்கலாமா என்பது உங்கள் சாமர்த்தியம்!

யார் யாருக்கு என்ன வேலை?

மாவை ஏன் மைதாவில் செய்கிறோம்? ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உப்புப் போடாமல் மைதாவும் தண்ணீரும் மட்டும் கெட்டியாகப் பிசைந்து, ஒரு எலுமிச்சை அளவு உருண்டை எடுத்துக் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் வைத்து மெதுவாகப் பிழியுங்கள். தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். அது ஸ்டார்ச். தண்ணீரை மாற்றி மாற்றிப் பிழியுங்கள். கடைசியில் கையில் சூயிங் கம் மாதிரி இழுபடும் ஒரு துண்டு மிஞ்சும். அதுதான் குளூட்டன் என்ற புரதம். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசித் துணி மாதிரி விரிக்கிறாரே, கிழியாமல் பிடித்துக்கொள்வது இந்தக் குளூட்டன்தான்.

அரிசி மாவில் இது கிடையாது. அதனால் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் உதிர்ந்துவிடும். ஆனாலும், கோதுமை ஒத்துக்கொள்ளாத நண்பர் யாராவது உங்கள் கூட்டத்தில் இருந்தால் அரிசி மாவில்தான் செய்ய வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் உப்பும் எண்ணெயும் போட்டுக் கொழுக்கட்டை மாவு போலவே கிளறித் தரச் சொல்லுங்கள். இழுபடாது, ஆனால் உருட்டலாம், அச்சில் அழுத்தலாம்.

எண்ணெய், மாவு கையில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். ஈரம் சீக்கிரம் ஓடிப்போகாமலும் தடுக்கும். எலுமிச்சையின் புளிப்பு கிருமிகளுக்குப் பிடிக்காது. இவர்களெல்லாம் துணை நடிகர்கள். கதாநாயகன் உப்புதான்!

மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைத்தால், சிறிது நேரத்தில் தண்ணீர் விட்டிருக்கும், கவனித்திருக்கிறீர்களா? உப்பு தண்ணீரை வெளியே இழுத்துவிட்டது. பூஞ்சணமும் பாக்டீரியாவும் மாவில் வந்து உட்கார்ந்தால் அவற்றுக்கும் இதே கதிதான். அவற்றின் உடம்பில் இருக்கும் தண்ணீரை உப்பு இழுத்துவிடும். மாவில் ஈரம் இருக்கிறதே என்றால், அதையும் உப்பு விட்டுக்கொடுக்காது. குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் யார் குடியிருப்பார்கள்? ஊறுகாயும் கருவாடும் மாதக்கணக்கில் தாங்குவது இந்தச் சூட்சுமத்தால்தான்.

நம்ப முடியவில்லையா? மூன்று சின்ன உருண்டைகள் செய்யுங்கள். ஒன்றில் உப்பே வேண்டாம். ஒன்றில் கொஞ்சம் உப்பு. மூன்றாவது, நாம் கிளறிய மாவு. தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டி, தேதி எழுதி, சமையலறைக்கு வெளியே ஒரு மூலையில் வையுங்கள். தினமும் கவரைத் திறக்காமலே பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த உருண்டையில் முதலில் பூஞ்சணம் வருகிறது? எத்தனையாவது நாள்? பூஞ்சணம் வந்த கவரைத் திறக்கவே கூடாது. அப்படியே குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

தம்பி பாப்பா ஜாக்கிரதை!

இப்போது ஒரு முக்கியமான விஷயம். கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கிருமிகளை விரட்டும் இதே உப்பு, தெரியாமல் தின்றுவிடுகிறவர்களுக்கு ஆபத்து.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாம் கிளறிய மாவின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு உப்பு. ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு உருண்டையில் அரைத் தேக்கரண்டி உப்பாவது இருக்கும். பெரியவர்களே ஒரு நாள் முழுக்க 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள்தான் உப்பு சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியென்றால், பார்ப்பதையெல்லாம் வாயில் போடும் ஒன்றரை வயதுத் தம்பியோ தங்கையோ இரண்டு உருண்டையை விழுங்கினால் என்ன ஆகும்? வாந்தி வரும். அதிகமாகப் போனால் உடம்பின் நீர்ச் சமநிலையே கெட்டுவிடும்.

பெரும்பாலும் ஒரு கடி கடித்ததுமே 'தூ' என்று துப்பிவிடுவார்கள். அவ்வளவு கரிக்கும். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். குட்டிப் பாப்பா விளையாடும்போது பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். நிறைய விழுங்கிவிட்டது என்று தெரிந்தால், வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

வீட்டில் நாய் வளர்க்கிறீர்களா? இன்னும் கவனம் தேவை. நாய் மனிதர்களைப்போல் துப்பாது. கரித்தாலும் கடகடவென்று விழுங்கிவிடும். உப்பு மாவைத் தின்ற நாய்களுக்கு வலிப்பு வந்திருக்கிறது, உயிரே போயிருக்கிறது. தரையிலோ ஜன்னல் ஓரத்திலோ பொம்மையை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகாதீர்கள். டப்பாவில் போட்டு, மூடி, உயரத்தில் வைக்க வேண்டும். டப்பாவின் மேல் 'சாப்பிடக் கூடாது' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பசியோடு வரும் மாமா அல்வா என்று நினைத்துவிடப் போகிறார்!

உங்கள் விரலில் காயமோ, சொறிந்த புண்ணோ இருந்தால் அன்றைக்கு மாவைத் தொடாதீர்கள். காந்தும்.

காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் மாவு சில வாரங்கள் தாங்கும். காய்ந்துபோனால் சில சொட்டுத் தண்ணீர் தொட்டுப் பிசையுங்கள். மழைக்காலத்தில், அதுவும் கடலோர ஊர்களில், தலைகீழாக நடக்கும். உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து மாவைச் சொதசொதவென்று ஆக்கிவிடும். ஒரு பிடி மைதா சேர்த்தால் சரியாகிவிடும். வாடை மாறினாலோ புள்ளி விழுந்தாலோ தயங்காமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

கண் எரியும் பாம்பு!

பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு விசேஷம். உப்பு இன்னொரு வேலையும் செய்யும். தண்ணீரில் கரைந்த உப்பு, மின்சாரத்தைச் சுமக்கும் நுண்ணிய துகள்களாகப் பிரிந்துவிடும். அவற்றுக்கு அயனிகள் என்று பெயர். அதனால் நம்ம மாவு வழியாக மின்சாரம் ஓடும்! அமெரிக்காவில் செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகப் பேராசிரியை ஆன்மேரி தாமஸ், தன் மாணவர்களோடு சேர்ந்து இதையே குழந்தைகளுக்கான மின்சாரப் பாடமாக்கினார். வயரை ஒட்டவைக்கும் சூட்டுக்கோல் இல்லாமல், மாவை வைத்தே மின்சுற்று!

எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடையில் ஒரு 9 வோல்ட் பேட்டரி, அதற்கான கிளிப், சிவப்பு எல்.இ.டி விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சுவரில் இருக்கும் பிளக் பக்கமே போகக் கூடாது, அது உயிருக்கு ஆபத்து. பேட்டரி மட்டும்தான், சரியா?

மாவை இரண்டு உருண்டைகளாக்கி, ஒரு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். கிளிப்பின் சிவப்பு வயரை ஓர் உருண்டையிலும், கறுப்பு வயரை இன்னொன்றிலும் குத்துங்கள். எல்.இ.டி.க்கு இரண்டு கால்கள் உண்டு, ஒன்று நீளம், ஒன்று குட்டை. நீளக் காலைச் சிவப்பு வயர் உருண்டையிலும், குட்டைக் காலை மற்றதிலும் குத்துங்கள். பளிச்! விளக்கின் கால்களை நேராகப் பேட்டரியில் வைத்துவிடாதீர்கள். மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்து விளக்கு கெட்டுவிடும். நடுவில் மாவு இருந்தால் அது வேகத்தைக் குறைத்து அனுப்பும்.

எரிந்துகொண்டிருக்கும்போதே இரண்டு உருண்டைகளையும் ஒன்றாக ஒட்டிப் பாருங்கள். விளக்கு அணைந்துவிடும்! மின்சாரத்துக்கு மாவு வழியாகவே சுலபமான பாதை கிடைத்துவிட்டது. விளக்குக்குள் எதற்கு அது போகப் போகிறது? இதுதான் 'ஷார்ட் சர்க்யூட்'. உடனே பிரித்துவிடுங்கள், பேட்டரி வீணாகும்.

அப்படியானால் ஒரே உடம்பாகப் பாம்பு செய்து அதற்குக் கண் வைப்பது எப்படி? நடுவில் மின்சாரத்தைத் தடுக்கும் சுவர் வேண்டும். உப்புக்குப் பதில் சர்க்கரையும், தண்ணீருக்குப் பதில் பேட்டரிக்கு ஊற்றும் புதிய வாலை வடிநீரும் சேர்த்து, இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, அடுப்பில் வைக்காமல் கெட்டியாகப் பிசையுங்கள். சர்க்கரை கரைந்தாலும் உப்பைப்போல் அயனிகளாகப் பிரியாது. அதனால் இந்த மாவு வழியே மின்சாரம் மிக மிகக் குறைவாகத்தான் போகும். வலது பாதி உப்பு மாவு, நடுவில் பட்டையாகச் சர்க்கரை மாவு, இடது பாதி உப்பு மாவு. மூன்றையும் ஒட்டி நீளவாக்கில் உருட்டினால் பாம்பு ரெடி. எல்.இ.டி.யைத் தலையில், ஒரு கால் வலது பக்கமும் ஒரு கால் இடது பக்கமும் இருக்கும்படி குத்துங்கள். வால் பக்கம் இரண்டு வயர்களையும் அதேபோல் இரு பக்கமும் குத்துங்கள்.

விளையாடி முடித்ததும் வயர், விளக்குக் கால்கள் எல்லாவற்றையும் துணியால் துடைத்து வையுங்கள். உப்பு பட்ட இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். எறும்புகள் சர்க்கரை மாவைத் தேடிப் படையெடுக்கும். அதை அன்றைக்கே குப்பையில் போட்டுவிடுங்கள்.

பாம்புக்குக் கண் எரியவில்லையா? எல்.இ.டி.யின் கால்களை இடம் மாற்றிக் குத்திப் பாருங்கள்.